கேலி செய்யப்படும் பிள்ளைக்கு யார் துணை?

 

 

நான் அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில், திக்கிப் பேசும் மாணவர் ஒருவர் எமது வகுப்பில் இருந்தார். பாடம் ஒப்புவிக்க எழுந்து அவரது நாவு தடுமாறும்போது, பின்வரிசையிலிருந்து ஒருவர் அவரைப் போலவே திக்கிக் காட்டுவார். வகுப்பே சிரிக்கும். நாளடைவில் அவரது பெயர் மறைந்து, பட்டப்பெயர் மாத்திரமே எஞ்சியது. நோன்பு விடுமுறைக்கு வீடு சென்றவர் திரும்பி வரவேயில்லை. திக்கிக் காட்டியவன் நானல்லன். ஆனால், சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.

பிற்காலத்தில் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை ஓதும்போதெல்லாம் அம்மாணவரின் முகமே என் கண்முன் தோன்றியது. தமது நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு மூஸா (அலை) அவர்கள் இறைவனிடம் இறைஞ்சியதை ஸூரா தாஹா கூறுகின்றது. பிர்அவ்னோ, தெளிவாகப் பேசவும் இயலாதவர் என்று அவர்களைத் தன் மக்கள் முன்னிலையில் இழிவுபடுத்தினான். மக்களும் அவனுக்கே கட்டுப்பட்டனர். பிறரது குறையைச் சுட்டிச் சிரிப்பது யாருடைய வழி, அதனுடன் சேர்ந்து சிரிப்பது யாருடைய வழி என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

மூஸா (அலை) அவர்கள் தெளிவான நாவை மாத்திரம் கேட்கவில்லை. தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களையும் துணையாகக் கேட்டார்கள். ஒரு நபிக்கே பக்கத்தில் நிற்க ஒருவர் தேவைப்பட்டார் என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அத்துணை எவ்வளவு அவசியம்!

இளைஞர்களே! ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் ஸூரா அல்ஹுஜுராத் தடை செய்கின்றது. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அக்கால்கள் மீஸானில் உஹத் மலையை விடக் கனமானவை என நபியவர்கள் உணர்த்தினார்கள். நீங்களும் உங்கள் வகுப்பில் ஹாரூனாக நில்லுங்கள். சிரிக்காதீர்கள். இடைவேளையில் அம்மாணவருடன் சென்று அமருங்கள். அவரை அவரது சொந்தப் பெயரால் அழையுங்கள். பரிகசிக்கும் படமோ செய்தியோ கைத்தொலைபேசிக்கு வந்தால், அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். அனுப்புவதும் சேர்ந்து சிரிப்பதே. ஆசிரியரிடம் சொல்வது கோள் ஆகிவிடுமோ என்று அஞ்சவும் வேண்டாம். கோள் உறவைக் கெடுக்கச் சொல்லப்படுவது. இதுவோ அநீதியைத் தடுக்கச் சொல்லப்படுவது. அநியாயம் செய்பவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பதும் நபிமொழி தரும் பாடமாகும்.

பெற்றோர்களே! பாடசாலை நாட்களில் மாத்திரம் வயிற்றுவலி, கிழிந்து வரும் கொப்பிகள், அடிக்கடி தொலையும் பணம், திடீர் மௌனம் ஆகியவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். பிள்ளை வாய் திறந்தால், "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள், "திருப்பி அடி" என்றும் கூறாதீர்கள். "சொன்னது நல்லது மகன், வாப்பா இருக்கிறேன்" என்று கூறி, முழுவதையும் செவிமடுங்கள். நடந்தவற்றைத் திகதியுடன் குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரையும், பின்னர் அதிபரையும் சந்தியுங்கள். தீர்வு கிடைக்காவிடின் வலயக் கல்வி அலுவலகம் உண்டு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் உண்டு. மற்றப் பிள்ளையைப் பாடசாலை வாயிலில் மறித்து நீங்களே மிரட்டுவது மற்றோர் அநீதியாகும்.

உங்கள் பிள்ளையே பிறரை நோகடிப்பதாக முறைப்பாடு வந்தால், "விளையாட்டுக்குச் செய்திருப்பான்" என்று மூடி மறைக்காதீர்கள். கறுப்பன், குண்டன் என்ற சொற்களை அவன் எங்கே கற்றான்? நம் வீட்டு விருந்திலா? அவனை அழைத்துச் சென்று மன்னிப்புக் கேட்க வையுங்கள். தொழுகையோடும் நோன்போடும் மறுமைக்கு வந்தும், பிறரை ஏசியதாலும் அடித்ததாலும் நன்மைகளையெல்லாம் இழந்து நிற்பவனே உண்மையான வங்குரோத்துக்காரன் என நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

அல்லாஹ்வுக்குரிய கடமையில் விட்ட குறைக்கு அவனிடமே தவ்பாச் செய்யலாம். அடியானின் உரிமையைப் பறித்ததற்கோ அந்த அடியானும் மன்னிக்க வேண்டும். அந்த மாணவரை நான் இன்னமும் தேடிக்கொண்டிருக்கின்றேன். உங்களால் நோகடிக்கப்பட்டவரோ நாளைக் காலை உங்கள் வகுப்பிலேயே இருப்பார். அவர் விடுமுறைக்குச் செல்லும் முன் அவரிடம் செல்லுங்கள்.

யா அல்லாஹ்! எமது நாவுகளையும் சிரிப்புகளையும் பிறரை நோகடிப்பதிலிருந்து காப்பாயாக! தனித்து நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஹாரூனைத் துணையாக்குவாயாக! ஆமீன்.