நாலு குளிசையும் ஒரு நாள் சம்பளமும்

(வினாயகபுரத்தில் கூடிய தோட்ட, வயல் தொழிலாளர் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாங்கள் குளிசையைப் பற்றிப் பேசப் போகிறோம். எப்படியும் சம்பளத்தில்தான் போய் முடியும், கவலைப்படாதீர்கள்.

மலையகத்தில் எங்கள் சங்கத் தோழி ஒருவர் இருக்கிறார். கொழுந்து எடுப்பவர். காலையில் மலைக்குப் போனால் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் வரை கீழே இறங்க முடியாது. மலையில் மலசலகூடம் கிடையாது. ஆண்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. பெண்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடித்தால் சலம் வரும் என்று தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவார்கள். வயலில் நாற்று நடுகிற, கதிர் அறுக்கிற தாய்மாருக்கு இதை நாங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தோழிக்குச் சலக்கடுப்பு வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவர் ஆண், சொல்ல வெட்கம். டவுனில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். அதனால் சம்பள நாளில் ஒரு கடையில் நோயைச் சொல்லி நாலு குளிசை வாங்கினார். அன்டிபயோட்டிக். "நாலு போதுமா?" என்று கடைக்காரர் கேட்டாராம். "கையில இருக்கிறது நாலுக்குத்தான்" என்றாராம் இவர். இரண்டு நாளில் கடுப்பு நின்றது. சில மாதத்தில் திரும்பி வந்தது. அதே கடை, அதே குளிசை. மூன்றாம் முறை குளிரும் காய்ச்சலுமாக வார்டில் படுத்துவிட்டார். சலத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். அவர் விழுங்கிவந்த குளிசை அந்தக் கிருமியை ஒன்றுமே செய்யாது என்று அறிக்கை வந்தது. வேறு இரண்டு மருந்துக்கும் அது மசியவில்லை. ஊசி மருந்துதான் ஏற்றினார்கள், ஒரு கிழமைக்கு மேல். ஒரு பேரைக் காப்பாற்றப் போனவருக்கு அந்த மாதத்தில் பாதிப் பேர் போயிற்று.

நடந்தது இதுதான். ஒரு மருந்தைப் போட்டவுடன் எல்லாக் கிருமியும் ஒரே நேரத்தில் சாவதில்லை. பலவீனமானது முதலில் சாகும். மருந்தைத் தாங்கக்கூடியது ஒன்றிரண்டு தங்கிப் பெருகும். குறைந்த அளவில், தேவையில்லாத நேரத்தில் அடிக்கடி மருந்து போட்டால், தாங்கக்கூடியதை நாங்களே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம். அது ஒரு உடம்போடு நிற்பதுமில்லை. லயத்தில் பத்துக் காம்பராவுக்கு ஒரு பீலி என்றால் கிருமிக்கும் அது பொதுப் பீலிதான்.

பெனிசிலினை 1928இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். கற்பனையாக ஒரு கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை நோவு. கடையில் பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் எடுக்கிறார். அவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றுகிறது, நியுமோனியா வருகிறது. அவளுக்கும் பெனிசிலின் கொடுக்கிறார்கள், கிருமி கேட்கவில்லை, அவள் இறந்துபோகிறாள். குறைவாக மருந்து எடுத்தது கணவன், செத்தது மனைவி. பிளெமிங் அதை அறியாமை என்றார். அதில் மட்டும் எங்களுக்கு உடன்பாடில்லை. நாலு குளிசை வாங்கிய தோழி அறியாமல் வாங்கவில்லை, கணக்குப் பார்த்து வாங்கினார்.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு மசியாத கிருமிகளால் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தடிமன், டெங்கு போன்றவை வைரசால் வருபவை, அன்டிபயோட்டிக் அவற்றைத் தொடவே தொடாது. இதையும் வீட்டில் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தவுடன் கடையில் இரண்டு குளிசை வாங்கிப் போட்டுவிட்டு மூன்று நாள் காத்திருப்பதில்தான் டெங்கும் எலிக்காய்ச்சலும் முற்றிப்போகின்றன.

சரி, துண்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்று கடையை இறுக்கிப்பிடித்தால் என்ன? சட்டம் ஏற்கனவே இருக்கிறது. அன்டிபயோட்டிக்கை வைத்தியரின் துண்டுக்குத்தான் விற்கலாம். பதிவுபெற்ற மருந்தாளர் இல்லாமல் பாமசி நடத்தவும் முடியாது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்கென்றே தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையும் அமைக்கப்பட்டது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. எங்கள் கூட்டு ஒப்பந்தங்களும் காகிதத்தில் அப்படித்தான் இருந்தன.

இந்தியா 2014 மார்ச்சிலிருந்து இன்னும் கொஞ்சம் இறுக்கியது. எச்1 என்ற அட்டவணையில் வீரியமான அன்டிபயோட்டிக்குகள் பலவற்றைச் சேர்த்தார்கள். அவற்றை விற்கும் கடைக்காரர் வைத்தியர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கேரளம் 2024 ஜனவரியில் 'ஒப்பரேஷன் அம்ரித்' என்று பெயரிட்டு, துண்டில்லாமல் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை நடத்தத் தொடங்கியது. ஆனால் கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கடை மூடினாலும் போக ஒரு கதவு உண்டு. எங்கள் தோழிக்குக் கடைதான் ஒரே கதவு. அதை மட்டும் மூடினால் அவர் வைத்தியரிடம் போகமாட்டார். பக்கத்துக் காம்பராவில் மிச்சமிருக்கும் குளிசையைக் கேட்டு வாங்குவார்.

2022இல் நாடு வங்குரோத்தானபோது நடந்ததை மறந்துவிட்டீர்களா? வைத்தியசாலையில் மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டைக் கையில் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களிடம் துண்டு இருந்தது, காசு இருக்கவில்லை. துண்டோடு போய்ப் பாதி மருந்து வாங்கி வந்தார்கள். ஆகவே துண்டு மட்டும் எதையும் காப்பாற்றாது.

இந்த நாட்டில் மருந்தைக் கட்டுப்படுத்துவது பற்றி ஆழமாக யோசித்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவர் கடையிலிருந்து தொடங்கவில்லை, இறக்குமதியிலிருந்து தொடங்கினார். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வந்தது, அவரே முதல் தலைவர். தேவையில்லாத மருந்துகளைப் பட்டியலிலிருந்து வெட்டினார், மிஞ்சியதை மலிவாக வாங்கினார். 1974இல் கொலரா வந்து டெட்ராசைக்ளின் அவசரமாகத் தேவைப்பட்டது. அதுவும் அன்டிபயோட்டிக்தான். கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கிய மூலப்பொருளில் குளிசை செய்து தர ஃபைசர் கம்பனி இணங்கவில்லை. கடைசியில் கூடிய விலை கொடுத்து விமானத்தில் இறக்கினார்கள். கட்டுப்பாடு என்றவுடன் எல்லோருடைய விரலும் சின்னக் கடைக்காரரை நோக்கி நீளுகிறது. யார் என்ன விலைக்கு இறக்குகிறார்கள் என்ற பக்கம் ஒரு விரலும் நீளுவதில்லை. பிபிலே 1977இல் கயானாவில் காலமானார்.

கட்டுப்பாடும் கிடைப்பதும் ஒன்றாக நடக்க முடியாது என்று யாராவது சொன்னால், அவரை இங்கே வயலுக்குக் கூட்டிவாருங்கள். எலிக்காய்ச்சல் ஆபத்துள்ள இடங்களில் வயலில் இறங்குபவர்களுக்கு டொக்ஸிசைக்ளின் கொடுக்கிறார்கள். கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு. அது அன்டிபயோட்டிக். கடையில் வாங்கச் சொல்வதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து பி.எச்.ஐ. மூலமாக வருகிறது, இலவசம். யாருக்கு என்று பார்த்துக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை. எண்ணிக் கொடுக்கிறார்கள், தேடி வந்து கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே கையால் நடக்கிறது. இதில் ஒரு குறையும் இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வழி இருக்கிறது என்கிறோம்.

ஆகவே எமது சங்கம் கட்டுப்பாட்டை எதிர்க்கவில்லை. எதிர்த்தால் எங்கள் பிள்ளைகளுக்கே மருந்தில்லாமல் போகும். பாமசியில் பதிவேடு வரட்டும். ஆனால் அது வரும் அதே நாளில், வைத்தியரைப் பார்க்கப் போகும் தொழிலாளிக்கு அந்த நாளின் பேர் வெட்டப்படக்கூடாது என்பதும் வர வேண்டும். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை வர்த்தமானியில் பார்க்க 2021 மார்ச் வரை நாங்கள் வருடக்கணக்கில் காத்திருந்தோம், இதற்கும் அப்படி இழுக்க விடமாட்டோம். டிஸ்பென்சரியில் பெண்கள் கூச்சமில்லாமல் பேசக்கூடிய ஒரு பெண் உத்தியோகத்தர் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், மலையிலும் வயல் ஓரத்திலும் மலசலகூடம் வேண்டும். தோழிக்கு முதலில் தேவைப்பட்டது குளிசை அல்ல.

பேச்சுவார்த்தை மேசையில் இதைச் சொன்னால், "உங்கள் ஆட்கள் கடையில் வாங்குகிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். அதற்காகத்தான் ஒரு உதவி கேட்கிறோம். இந்த மூன்று மாதத்தில் துண்டில்லாமல் வாங்கிய குளிசையின் வெறும் அட்டை வீட்டில் இருந்தால் எறியாதீர்கள். எத்தனை குளிசை வாங்கினீர்கள், என்ன நோவுக்கு வாங்கினீர்கள் என்று ஒரு கடதாசியில் எழுதி அட்டையோடு சுற்றி உங்கள் தலைவியிடம் கொடுங்கள். எழுத வராதவர்கள் வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். உங்கள் பெயரும் வேண்டாம், கடையின் பெயரும் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் வரும்போது அந்தப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு போகிறோம்.