பக்கத்துத் தெருக்காரர் கேட்டால் என்ன சொல்வது?



தொழில் நடத்துகிறவர்களுக்கு யோசனை சொல்வது என் தொழில். கோவை, திருப்பூர், கரூர் வட்டாரத்தில் பவுண்டரி, பம்ப்செட், பின்னலாடை என்று பல தொழிற்கூடங்களுக்குள் போயிருக்கிறேன். வேலை எங்கே தேங்குகிறது, பணம் எங்கே கசிகிறது என்று பார்த்துச் சொல்வேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

இது முதலாளிமார் சமாச்சாரம், நமக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். காப்பீடு எடுக்கும்போதும், மகளை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும்போதும் யாரிடமாவது யோசனை கேட்டிருப்பீர்கள். அந்த யோசனைக்கு அவருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று விசாரித்தீர்களா? நான் பேசப்போவது அதைப் பற்றியும்தான்.

முதலில் ஒரு விவரம். வக்கீலாக வேண்டும் என்றால் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி பார் கவுன்சிலில் பதிய வேண்டும். ஆடிட்டருக்கு 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் இருக்கிறது. கட்சிக்காரரின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வது தொழில் ஒழுங்கீனம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நிர்வாக ஆலோசகருக்கு நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. இன்றைக்கு விசிட்டிங் கார்டு அடித்தால் நாளைக்கு ஆலோசகர். இந்திய நிர்வாக ஆலோசகர்கள் கழகம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதற்கு நடத்தை விதிகள் இருக்கின்றன, பல நாடுகளில் ஏற்கப்படும் சி.எம்.சி. சான்றிதழும் அது வழங்குகிறது. 2017இல் ஐ.எஸ்.ஓ. அமைப்பு, நிர்வாக ஆலோசனைப் பணிக்கென்றே 20700 என்ற எண்ணில் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆனால் இவற்றில் சேர வேண்டும், இவற்றைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. தடுக்கச் சட்டம் இல்லாத இடத்தில், ஒருவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் வேலிதான் எல்லாம்.

அந்த வேலியில் எனக்கு முக்கியமாகப் படுவது ரகசியம் காப்பது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டுக்குப் போடும் காஸ்டிங் ஷீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே ஒரு தாள். மேலே துணி எத்தனை ஜி.எஸ்.எம்., ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி. அதற்குக் கீழே நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, காம்பாக்டிங், இடையில் போகும் கழிவு. அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டிகூட விடுபடாது. கடைசி இரண்டு வரி ஓவர்ஹெட்டும் லாபமும். எல்லாம் பைசாக் கணக்கு. வெளிநாட்டு பையர் சென்ட் கணக்கில் பேரம் பேசுகிறவர். பீஸுக்குச் சில சென்ட் வித்தியாசத்தில் ஆர்டர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடும். ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கட்டிய தொழிலின் உயிர்நாடி அந்தத் தாளில் இருக்கிறது. முதலாளி தன் மேனேஜரிடம்கூட முழுசாகக் காட்டாத அதை, வெளியாளான என்னிடம் எடுத்து வைக்கிறார்.

அப்படி ஒரு கம்பெனியில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருவில் அதே சரக்கு செய்கிற இன்னொருவர் கூப்பிட்டு அனுப்பினார். டீ வந்தது. ஊர்க்கதை பேசினோம். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க சார், அங்க தையலுக்கு என்ன ரேட்டுங்க குடுக்கறாங்க? நெம்பர்கூட வேண்டாமுங்க. நம்மளைவிடக் கூடவா, கொறைச்சலான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

நேயர்களே, அவர் கெட்டவர் அல்ல. அவர் இடத்தில் யார் இருந்தாலும் கேட்கத் தோன்றும். ஆனால் "கூடவா, கொறைச்சலா" என்ற அந்த ஒரு வார்த்தையில் முழு ரகசியமும் வந்துவிடுகிறது. தன் ரேட் அவருக்குத் தெரியும். நான் தலையை மேலும் கீழும் ஆட்டினால்கூடப் போதும், அடுத்த கொட்டேஷனை அதற்கேற்ப மாற்றிவிடுவார். நான் சொன்னேன்: "அண்ணா, நாளைக்கு உங்க கணக்கை அவர் என்கிட்டக் கேட்டா நான் என்ன சொல்லணும்னு நினைப்பீங்களோ, அதையேதாங்க இப்ப உங்ககிட்டயும் சொல்றேன்." அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குத் தருவதாக இருந்த வேலையை வேறொருவருக்குத் தந்துவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இருந்தது. ஆனால் அந்த வேலைக்கு அடுத்தவர் ரகசியம்தான் விலை என்றால், அது எனக்குக் கட்டாது.

இதில் நுணுக்கமான ஓரிடம் உண்டு. அனுபவம் என்பதே ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதானே, அப்படியானால் எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது என்று இளைஞர்கள் கேட்பார்கள். தையல் லைனில் ஒரு மிஷினில் பீஸ் குவிந்து அடுத்த மிஷின் சும்மா இருந்தால் வேலையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்ற முறை என்னுடையது. எந்த ஊருக்கும் எடுத்துப் போவேன். அந்த லைனில் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் இறங்குகிறது, யார் அதை வாங்குகிறார்கள், அடுத்த வருடம் எங்கே இடம் வாங்கப் போகிறார்கள் என்பவை அவருடையவை. பவுண்டரியில் மண்ணின் ஈரத்தைப் பார்த்து வார்ப்பில் துளை விழுவதைக் குறைக்கும் வித்தை பொதுச்சொத்து. அந்த பவுண்டரி உலையில் போடும் கலவையான சார்ஜ் மிக்ஸும், போன மாத ரிஜெக்‌ஷன் சதவீதமும் அந்த முதலாளியின் சொத்து. ரிஜெக்‌ஷன் கணக்கு வெளியே போனால் வாங்குகிறவர் விலையை அடிப்பார், பேங்க் மேனேஜர் கடனை யோசிப்பார்.

ரகசியம் முதலாளிக்கு மட்டும் உரியது என்றும் நினைக்காதீர்கள். மிஷின் பக்கத்தில் நின்று நாலு நாள் பேசினால், தொழிலாளிகள்தான் உண்மையைச் சொல்வார்கள். "இந்த டையை மாத்தச் சொல்லி மூணு மாசமாச்சு, சூப்பர்வைசர் எழுதிக்கக்கூட மாட்டேங்கறாருங்க" என்று ஓர் ஆபரேட்டர் சொல்வார். அது அறிக்கையில் வரும். அவர் பெயர் வராது. இதை வேலை ஆரம்பிக்கும் முன்பே முதலாளியிடம் சொல்லிவிடுவேன். யார் சொன்னது என்று பிறகு அவர் கேட்டால் பதில் கிடைக்காது என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். ஒரு தொழிலாளியின் வேலைக்கு என் அறிக்கையால் ஆபத்து வந்தால், அடுத்த தொழிற்கூடத்தில் என்னிடம் யார் வாயைத் திறப்பார்கள்?

உலகத்தின் பெரிய இடங்களிலும் இதே கதைதான். அனில் குமார் என்பவர் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தின் மூத்த பங்குதாரராக இருந்தவர். ஏ.எம்.டி. என்ற கணினிச் சில்லு நிறுவனம் அவருடைய வாடிக்கையாளராக இருந்தது. 2006இல் அந்த நிறுவனம் கனடாவின் ஏ.டி.ஐ. நிறுவனத்தை ஏறத்தாழ 540 கோடி டாலருக்கு வாங்கத் திட்டமிட்டது. அறிவிப்பு வருவதற்கு முன்பே இந்தச் செய்தியை அவர் தன் நண்பருக்குச் சொல்லிவிட்டார். அந்த நண்பர் கேலியன் என்ற முதலீட்டு நிதியை நடத்திய ராஜ் ராஜரத்தினம், கொழும்பில் பிறந்த தமிழர். இருவரும் வார்ட்டன் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். குமாருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் என்று பேச்சு. அந்தப் பணம் வெளிநாட்டு வங்கிக் கணக்குக்குப் போய், அங்கிருந்து அவர் வீட்டில் வேலை செய்த பெண்ணின் பெயரில் ராஜரத்தினத்தின் நிதியிலேயே முதலீடாகத் திரும்பியது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் வாங்கும் பணம் எப்போதும் வேறு யார் பெயரிலாவதுதான் வாங்கப்படும். இதை நான் இங்கே எங்கள் ஊர்களிலும் பார்த்திருக்கிறேன், மச்சான் பெயர், மாமியார் பெயர் என்று. 2010இல் குமார் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் சாட்சியும் சேர்ந்து, 2011இல் ராஜரத்தினத்துக்கு 11 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் அண்மையில். பன்னாட்டு நிறுவனங்கள் வரி ஏய்ப்பதைத் தடுக்க அரசு ஒரு சட்டம் எழுதியது. யோசனை சொல்ல பி.டபிள்யூ.சி. என்ற கணக்காய்வு, ஆலோசனை நிறுவனத்தின் வரிப் பிரிவுப் பங்குதாரர் ஒருவரை அழைத்து, ரகசியம் காப்பதாகக் கையெழுத்தும் வாங்கியது. 2016 ஜனவரியில் அமலுக்கு வரவிருந்த அந்தச் சட்டத்தின் விவரம் நிறுவனத்துக்குள் மின்னஞ்சலில் சுற்றி, அதைச் சமாளிக்கும் வழி என்று வாடிக்கையாளர்களிடம் விற்பனைப் பேச்சாகவே போய்விட்டது. 2023இல் விஷயம் வெளியே வந்தபோது தலைமை அதிகாரி பதவி விலகினார். அரசாங்க ஆலோசனைப் பிரிவு முழுவதையும் அந்த நிறுவனம் 1 டாலருக்கு விற்றுவிட்டு நின்றது.

இனி, நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்வி: பணம் யார் கொடுத்தது?

ஒரு தொழிற்கூடத்தில் கரண்ட் பில் எகிறிக்கொண்டே போகிறது, புது கம்ப்ரஸர் போடலாமா என்று கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஷின் எல்லாம் நிறுத்தியிருந்த நேரத்தில் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டோம். காற்றை யாரும் எடுக்கவில்லை என்றால் அது ஒருமுறை நிரம்பி அப்படியே சும்மா நிற்க வேண்டும். நிற்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை லோடு ஏறிக்கொண்டே இருந்தது. அமைதியான ஷெட்டில் உஸ்ஸென்று சத்தம். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி, பிரஷ்ஷால் ஜாயின்ட் ஜாயின்டாகத் தடவிக்கொண்டே போனோம். ஹோஸ் கிளிப்பிலும் வால்விலும் குமிழ் குமிழாக வந்தது. மாற்ற வேண்டியது கிளிப்பும் வால்வும்தான், கம்ப்ரஸரை அல்ல. மறுநாள் கம்ப்ரஸர் டீலர் என்னைப் பார்க்க வந்தார். "சார், ரிப்போர்ட்ல நம்ம மாடலைப் போட்டு விடுங்க, உங்களுக்கு உண்டானது வீட்டுக்கே வந்துரும்" என்றார். நேராக முதலாளியிடம் போய், இன்னார் இப்படிச் சொன்னார் என்று சொல்லிவிட்டேன். இந்த இடத்தில் வாங்காமல் சும்மா இருந்தால் மட்டும் போதாது. டீலரோடு நமக்கு என்ன உறவு என்று முதலாளிக்குத் தெரியும்வரை, நாம் சொல்லும் நல்ல யோசனைக்குக்கூட அவரால் உரிய மதிப்புப் போட முடியாது.

இரண்டு பக்கமும் வேலை பார்ப்பதும் இதே வகைதான். அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மெக்கின்சியின் ஆலோசகர்கள் குறைந்தது 22 பேர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கும், அது கண்காணிக்க வேண்டிய ஓபியாய்டு வலிமருந்து நிறுவனங்களுக்கும் வேலை பார்த்திருக்கிறார்கள். சில சமயம் ஒரே காலத்தில். அந்த மருந்துக்கு அடிமையாகி இறந்தவர்கள் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறார்கள். அதை நினைத்தால் இதை வெறும் விதிமீறல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தெரியாத வேலையை ஏற்றுக்கொள்ளாமல் இருப்பது, நடக்காத லாபத்தை வாக்குக் கொடுக்காமல் இருப்பது, அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டு மறைந்துபோகாமல் இருப்பது என்று இன்னும் பேச நிறைய இருக்கிறது. நேரம் முடியப்போகிறது.

சிறு தொழில் செய்கிற நேயர்கள் யாராவது நாளைக்கு ஓர் ஆலோசகரை அமர்த்துவதாக இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு பக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்ன வேலை, எவ்வளவு கட்டணம், இந்த வேலை சம்பந்தமாக வேறு யாரிடமும் எதுவும் வாங்கமாட்டேன் என்ற உறுதி, உங்களைப் போலவே தொழில் செய்கிற வேறு யாருக்கு இப்போது வேலை பார்க்கிறார் என்ற விவரம். பெயர் சொல்ல முடியாவிட்டால், அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதையாவது எழுதட்டும். நேர்மையான ஆலோசகர் இதற்குக் கோபப்படமாட்டார், கேட்டதற்குச் சந்தோஷப்படுவார். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், யாரும் கேட்பதற்கு முன்பே அந்தக் கடிதத்தை எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று நம்புகிறேன்.