பொழுதறிந்த கண்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். காதலையும் பிரிவையும் பேச வந்த இலக்கணம், மாந்தர் நிற்கும் இடத்தையும் அவர்கள் வாழும் வேளையையும் முதலில் வைத்தது. மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகவும் நாளை ஆறு சிறுபொழுதாகவும் பகுத்துக் கண்டது. மலை அசையாது நிற்கிறது. ஆயினும் வைகறையில் கண்ட மலை எற்பாட்டில் இல்லை. அதனை நாழிகைதோறும் புதிதாக்குவது பொழுது. கவிஞர் ஏட்டில் கற்ற இவ்வுண்மையை ஒளிப்படக் கலைஞர் வெயிலிலும் பனியிலும் நின்று கற்கின்றனர்.

கதிரவன் தாழ்ந்திருக்கும் வேளையில் அதன் ஒளி காற்றுமண்டலத்தினூடே நெடுந்தொலைவு கடந்து வருகிறது. நீல ஒளி வழியிலேயே பெரிதும் சிதறிவிடுகிறது. செம்மையும் பொன்மையும் எஞ்சி வந்து சேர்கின்றன. சாய்ந்து விழும் அவ்வொளியில் சிறு கல்லும் நீண்ட நிழல் பெறுகிறது. பாறையின் மடிப்பும் மரப்பட்டையின் வெடிப்பும் துலங்குகின்றன. நண்பகலில் நிழல் சுருங்க, நிலம் தட்டையாகித் தகிக்கிறது. மேகம் மூடிய வானம் ஒளியைப் பரப்பி நிழலின் கூர்மையை ஆற்றுகிறது. மலரிதழையும் காட்டின் உட்புறத்தையும் படமாக்க அவ்வொளி மிகவும் ஏற்றது. மழை ஓய்ந்தபின் தூசு கழுவப்பட்ட காற்றில் தொலைமலை அருகில் வந்து நிற்கிறது. மூடுபனியிலோ அருகிலுள்ள மரமும் தொலைவுக்குச் சென்றுவிடுகிறது. படத்திற்கு ஆகாத பொழுது என ஒன்றில்லை. ஒவ்வொரு பொழுதும் தனக்குரிய பொருளை நாடுகிறது. பாலைக்கு நண்பகலையும் முல்லைக்கு மாலையையும் உரிமையாக்கிய மரபு இந்நுட்பத்தை நன்கு அறிந்திருந்தது.

இக்கலைக்கு ஒரு சான்று போதும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் (1902–1984) இளமையில் பியானோ பயின்றவர். 1916இல், பதினான்கு வயதில், யோசெமிட்டி பள்ளத்தாக்கை முதன்முறை கண்டார். அதன்பின் அம்மலைகளே அவருக்கு வாழ்நாள் பாடமாயின. 1941ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, நியூ மெக்சிகோவில் எர்னாண்டஸ் என்னும் சிற்றூர் வழியே காரில் சென்றுகொண்டிருந்தார். கிழக்கே பனிமலைகளுக்கும் மேகத்திரளுக்கும் மேலே நிலவு எழுந்திருந்தது. மேற்கே மறையவிருந்த கதிரவனின் கடைசி ஒளி, ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் சிலுவைகள்மேல் வெண்மையாக விழுந்தது. காரை நிறுத்தி, பெரிய கேமராவைத் தாங்கியின்மேல் ஏற்றினார். ஒளியை அளக்கும் மானி கைக்குக் கிட்டவில்லை. தேடுவதற்கோ நேரமில்லை.

அவ்வேளையில் கைகொடுத்தது அவர் முன்பே பெற்றிருந்த அறிவு. நிலவின் ஒளிர்வு ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பதை அவர் அறிந்திருந்தார். நிலவு கதிரவனின் ஒளியில் நிற்கும் ஒரு பாறைதானே! அந்த ஓர் எண்ணைக் கொண்டு மனத்திலேயே கணக்கிட்டு, எஃப்/32 என்னும் சிறு துளையில் ஒரு நொடி ஒளியை உள்ளே விட்டார். இரண்டாம் படத்திற்கு ஆயத்தமாகும் முன்னரே சிலுவைகளை விட்டு ஒளி நீங்கிவிட்டது. கிடைத்தது ஒரே நெகட்டிவ். அந்த ஒரு நொடி தற்செயலாக வந்தது உண்மை. அதைக் கைப்பற்றிய திறன் தற்செயலாக வந்ததன்று.

பின்னாளில் அப்படத்தின் ஆண்டு எது என்பதில் ஆடம்ஸே தடுமாறினார். வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகளைக் குறித்தார். நிலவு நின்ற இடத்தையும் மலைகளின் அமைப்பையும் கொண்டு வானியலறிஞர் டேவிட் எல்மோர் ஒரு நாளைக் கணித்தார். 1991இல் டென்னிஸ் டி சிக்கோ அதைத் திருத்தி, 1941 நவம்பர் 1, மாலை 4.49 மணி என்று நிறுவினார். படைத்தவர் மறந்த பொழுதைப் படைப்பு மறக்கவில்லை. பொழுது மெய்யாகப் பதிந்த படைப்பிற்கு இதனினும் மேலான சான்று வேண்டுமோ?

இனி ஒரு வினா எழும். தொடக்கக்கால அச்சுகளில் அப்படத்தின் வானம் வெளிறி, மெல்லிய மேகங்களோடு காணப்படுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஆடம்ஸ் இருட்டறையில் அவ்வானத்தைக் கருமையாக்கிக்கொண்டே சென்றார். பிற்கால அச்சுகளில் அது ஏறத்தாழ நள்ளிரவு. நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் அச்சை இசை நிகழ்ச்சிக்கும் ஒப்பிட்டவர் அவர். ஆயினும் மாலையை யாமமாக்கியது பொய்யாகாதா?

விடை நம் இலக்கணத்திலேயே உள்ளது. திணை மயங்கலாம், ஆனால் நிலமும் நிலமும் தம்முள் மயங்குதல் இல்லை என்பது தொல்காப்பியர் கருத்து. பொழுது மயங்குவதை உரைமரபு ஏற்கிறது. ஆடம்ஸ் நிலவை இடம் மாற்றவில்லை. ஒரு சிலுவையையும் கூட்டவில்லை. நிலத்தை நிலமாகவே வைத்து, பொழுதை மட்டும் தம் உரிப்பொருள் நோக்கி ஆழப்படுத்தினார். கல்லறைகளின்மேல் தங்கிய கடைசி ஒளி, இருள் கூடக்கூடப் பொருள் கூடியது. அது மயக்கம், பொய்யன்று. இன்றைய மென்பொருளோ ஓர் ஊரின் வானத்தை வெட்டி வேறோர் ஊரின் மலைமேல் ஒட்டித் தருகிறது. அங்கே நிலமே மயங்கிவிடுகிறது. படத்திற்கும் இடத்திற்கும் இருந்த உறவு அறுகிறது.

இவ்வெல்லை கவிதைக்கும் உரியது. இன்று வெளிவரும் கவிதைகளில் மாலை உண்டு, மழை உண்டு, நிலவும் உண்டு. எந்த ஊர் மாலை, எந்தத் திங்களின் மழை என்று கேட்டால் விடை சொல்ல வல்லவை எத்தனை? பிறர் கவிதையிலிருந்து எடுத்த வானத்தைத் தம் ஊரின்மேல் ஒட்டியவை எத்தனை? கார்காலத்து மாலையில் காத்திருந்த முல்லைத் தலைவி வெறும் மாலையில் காத்திருக்கவில்லை. சொன்ன பருவம் வந்தும் தலைவன் வாராத அந்த மாலையில் காத்திருந்தாள். பொழுது பொய்யானால் அவள் துயரும் பொய்யாகும்.

கவிஞர்களே! உணர்ச்சியை ஆழப்படுத்தும் உரிமை உங்களுடையது. வானத்தை வேண்டுமளவு இருட்டாக்குங்கள். ஆனால் அதற்கு முன்னர் உங்கள் ஊரின் ஒளியை அளந்து வையுங்கள். எந்தத் திங்களில் எந்தத் தெருவில் எவ்வேளை வெயில் விழுகிறது என்பது மனப்பாடமாகட்டும். ஒளி நீங்குமுன் கிடைப்பது ஒரு நொடி. அப்போது மானியைத் தேட நேரம் இராது.

வட்டம் வளர்க! தமிழ் வெல்க!