பங்குனி வேலை இன்னும் பாக்கி

(சங்கத்தின் சித்திரை முதல் நாள் கூடுகையில் ‘சி’ பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

செயலாளர் நிகழ்ச்சி நிரலில் ‘பிரிவுரை’ என்று போட்டுவிட்டார். நாங்கள் கிளம்புவது மே மாதக் கடைசியில்தான். அதுவரை சம்ப் மோட்டார் ஓடவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடப் போகிறீர்கள். ஆகவே இதை ஊர்க்கதையாகவே கேளுங்கள்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. போன ஐப்பசி மழையில் அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 84. பால்காரர் வந்து பார்க்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. ஆனால் எங்களிடம் சொல்லவே இல்லை. கார்த்திகை தீபத்துக்குப் போனபோது பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரிந்தது. இங்கே அழைத்து வந்தோம், உங்களில் பலர் பார்த்தீர்கள். பதினோராம் நாள், "லிஃப்ட்டுக்குள் போனாலே மூச்சு முட்டுது" என்று கிளம்பிவிட்டார். டிசம்பரில் நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு யோசிக்க அதிகம் இல்லை.

தை மாதத்திலிருந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் உழவன் எக்ஸ்பிரஸில் போய் வருகிறேன். வீட்டைத் தயார் செய்யத்தான். ஓய்வு என்றால் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது என்று நினைத்திருந்தேன். மாசி, பங்குனி, சித்திரை மூன்றும் ஒரு வீட்டை எப்படி வேலை வாங்கும் என்பது 40 வருஷத்தில் மறந்தே போயிருந்தது.

முதலில் கூரை. மழைக்கு முன்னால் நாட்டு ஓட்டைப் பிரித்து, உடைந்ததைக் கழித்து, மறுபடி அடுக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் கைமரம் இரண்டைக் கரையான் தின்றிருந்தது. அந்த ஓடு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அடுத்த தெருவில் பழைய வீடு ஒன்றை இடித்தார்கள், அங்கிருந்து வாங்கி வந்தோம். அம்மா கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "ஓடு மாத்துறியே, யார் இருக்கப்போறா?" என்றார். நாங்கள் வருகிறோம் என்று அதற்குள் நான்கு முறையாவது சொல்லியிருப்பேன்.

பிறகு புளி. மரத்தை உலுக்கி, பொறுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைக்க வேண்டும். நான்கு பெண்கள் மூன்று நாள் செய்தார்கள். நான் அரை நாள் உட்கார்ந்து விரலைக் கிழித்துக்கொண்டேன்.

வயலை என் சித்தப்பா மகன் பார்க்கிறான். நெல் அறுப்பதற்கு ஏழெட்டு நாள் முன்பே, ஈரம் காயாத வயலில், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். மிச்ச ஈரமும் பனியும் அதை வளர்த்துவிடும். இப்போது அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளையை நசுக்குகிறது என்பது அவன் குறை. இந்த வருஷம் வந்ததைக் காய வைத்து, வேப்பிலை போட்டு மூட்டை கட்டினோம். அடுத்தது கோடை உழவு. ஒரு மழை பெய்ததும் உழுதுவிட்டால் கோரைக் கிழங்கும் கூட்டுப்புழுவும் மேலே வந்து வெயிலில் காயும், மீதியைக் கொக்கு பார்த்துக்கொள்ளும். பிறகு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைப்பு. 45 நாளில் பூ எடுக்கும் முன் மடக்கி உழுதால் குறுவைக்கு அதுதான் உரம். இன்று காலை ஊரில் நல்லேர் பூட்டியிருப்பார்கள். மாடு ஏது, டிராக்டருக்குத்தான் சந்தனமும் குங்குமமும்.

இதெல்லாம் மேட்டூரை நம்பிச் செய்வது. வழக்கப்படி திறப்பு ஜூன் 12. 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமலேதான் சித்திரையில் உழுகிறார்கள். தம்பியிடம் கேட்டேன், பயமாக இல்லையா என்று. "நீங்க மட்டும் தெரிஞ்சா வர்றீங்க?" என்றான்.

உண்மைதான். என் மனைவிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்து, "இங்க நான் யாரோட பேசுவேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எனக்கு அது பிறந்த ஊர், அவருக்கு மாமியார் ஊர். அவருடைய 19 வருஷப் பேச்சுத் துணை எல்லாம் ‘ஏ’ பிளாக் வாசல் பெஞ்சில் இருக்கிறது. நான் கூரையையும் வயலையும் பார்த்த அளவுக்கு இதைப் பார்க்கவில்லை. எனவே ஒரு ஏற்பாடு: வீட்டை விற்கவில்லை, 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுகிறோம். அடுத்த சித்திரையில் உட்கார்ந்து பேசுவோம், முடிவு அவருடையது. மாலை நடை தோழிகள் அந்த ஆறு மணிக்கே போன் செய்தால் நான் நன்றியுடையவனாக இருப்பேன். குழுவில் குட் மார்னிங் படம் அனுப்புவது கணக்கில் வராது.

இங்கேயும் பங்குனி வேலை பாக்கி இருக்கிறது. 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது, நாங்கள் குடிவருவதற்கு முன்பே, தோண்டிய மழைநீர்க் குழி மூன்றும் சேறு கட்டியிருக்கின்றன. மேல் மணலை எடுத்து மாற்ற வேண்டும், ஜல்லியைக் கழுவ வேண்டும். மொட்டை மாடியில் ‘பி’ பிளாக் மூலைக் குழாய் வாயில் வேப்பஞ்சருகு அடைக்கும். அடைத்தால் ஐந்தாம் மாடிக் கூடத்தில் ஒழுகும். போன வருஷம் நனைந்தவர்களுக்குத் தெரியும். ஆவணி வரை தள்ளாதீர்கள். சாவிக் கொத்தும் பிளம்பர் எண்ணும் நோட்டில் இருக்கின்றன. யார் பொறுப்பெடுப்பது என்று இன்றே முடிவானால், மே மாதம் முழுக்கக் கூட நின்று காட்டித் தருகிறேன்.

வாசல் மேஜையில் வீட்டுக்கு ஒரு பொட்டலம் புளி வைத்திருக்கிறோம், எடுத்துச் செல்லுங்கள். கொட்டை நீக்கியதுதான். ஆனாலும் சிலவற்றை நான் நீக்கியிருக்கிறேன், பார்த்துக் கரையுங்கள்.