பேரக் குழந்தைக்காக வெளிநாடு போகுமுன் பேச வேண்டிய மூன்று விஷயங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்கா போய் வந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டார். நயாகராவைப் பற்றி இங்கே பாதிப் பேர் என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள். அதனால் பிரசவத்துக்காகவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் போகிற தாத்தா பாட்டிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நானும் என் கணவரும் நியூஜெர்சிக்கு இப்படி இரண்டு முறை போய் வந்தோம்.

டிக்கெட் வாங்குவதற்கு முன்பே பெற்றோரும் பிள்ளைகளும் மூன்று விஷயங்களை வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். எத்தனை மாதம்? என்னென்ன வேலை? உடம்புக்கு வந்தால் என்ன ஏற்பாடு? பெற்ற பிள்ளையிடம் இதையெல்லாமா கேட்பது என்று கூச்சப்பட்டுக் கேட்காமலே கிளம்பிவிடுகிறோம். நான்காவது மாதம் சமையலறையில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்படி ஆகிறது.

முதலில், ஏன் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான சட்டம் 1993இல் வந்தது. அது தருவது 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல். ஐம்பது பேருக்குக் குறைவான தனியார் நிறுவனத்தில் வேலை என்றால் அதுவும் கிடையாது. சில மாநிலங்களும் சில கம்பெனிகளும் தாங்களாகக் கூடுதலாகத் தருகின்றன. மூன்று மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டிய பெண் அம்மாவைக் கூப்பிடுகிறாள். சும்மா சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று பிள்ளைகள் சொன்னாலும், வேலை இருக்கும் என்று நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இப்போது முதல் கேள்வி, எத்தனை மாதம். பத்து வருஷ விசா இருக்கிறது என்றால் பத்து வருஷம் தங்கலாம் என்று அர்த்தம் இல்லை. போய் இறங்கியதும் விமான நிலைய அதிகாரி எந்தத் தேதிவரை அனுமதிக்கிறாரோ அதுதான் கணக்கு. வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். ஐ-94 என்ற அந்தப் பதிவை இணையத்தில் எடுத்து, தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி முடிந்து 180 நாளுக்கு மேல் தங்கினால் மூன்று வருஷமும், ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினால் பத்து வருஷமும் திரும்ப உள்ளே போக முடியாது. சம்பந்தியும் நாமும் ஆறு ஆறு மாதம் முறை வைத்துக்கொண்டால் குழந்தைக்கு ஒரு வயது ஆகிவிடும். அந்த முறையைப் பெரியவர்கள் நேரே பேசி முடிவு செய்யட்டும். பிள்ளையும் மருமகளும் நடுவில் தூது போக வேண்டாம். முதல் முறை போகிறவர்கள் முடிந்தால் டிசம்பர், ஜனவரியைத் தவிருங்கள். பனியில் வாசலுக்குக்கூட இறங்க முடியாமல் நாலு சுவருக்குள் இருப்பது, தினமும் மாட வீதி சுற்றிப் பழகியவர்களுக்குப் பெரிய தண்டனை.

இரண்டாவது, வேலை. காலையில் யார் சமைப்பது, ராத்திரி குழந்தை அழுதால் யார் எழுந்திருப்பது, வாரத்தில் எந்த நாள் பெரியவர்களுக்கு ஓய்வு என்பதைப் பேசி வையுங்கள். ஒரு நாள் ஓய்வு கட்டாயம் கேளுங்கள். இங்கே வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கே லீவு கொடுக்கிறோமே! தாத்தாக்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டி சமையலிலும் குழந்தையிலும் மூழ்கியிருக்க, நீங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்து "ஊர் போரடிக்கிறது" என்று சொல்வது நியாயமில்லை. பாத்திரம் கழுவும் மெஷினில் அடுக்கலாம், குழந்தையைத் தள்ளுவண்டியில் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம். இன்னொன்றும் ஜாக்கிரதை: அடுத்த வீட்டுக் குழந்தையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு டாலர் வாங்குவது விசா விதிக்கு விரோதம்.

குழந்தை வளர்ப்பில் சண்டை வருகிற இடங்கள் நாலைந்துதான். அங்கே குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். தொட்டிலில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இருக்காது. 1994இல் இதை ஓர் இயக்கமாகவே பரப்பினார்கள். அதற்குப் பின் சுமார் பத்து வருஷத்தில், தூக்கத்தில் திடீரென்று குழந்தை இறப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. கண் மையில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதுவும் வேண்டாம் என்பார்கள். வசம்பை உணவில் சேர்க்க அங்கே 1968 முதலே தடை இருக்கிறது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. இங்குள்ள குழந்தை மருத்துவர்களும் இவற்றில் பெரும்பாலானவற்றை இப்போது சொல்கிறார்கள். மருமகள் "வேண்டாம்மா" என்றால் நம்மை அவமதிக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் சொன்னதைச் சொல்கிறாள். கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் பிரசவ மருந்து வாங்கிப் போகிறவர்கள், பால் கொடுக்கிற பெண் சாப்பிடலாமா என்று அவளுடைய டாக்டரிடம் கேட்ட பிறகே கொடுங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு, அதுதான் தமிழ். குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் தமிழிலேயே பேசுங்கள், கதை சொல்லுங்கள். சம்பளத்துக்கு வருகிற ஆயாவோ காப்பகமோ அதைத் தர முடியாது.

மூன்றாவது, உடம்பு. மூன்றிலும் இதுதான் முக்கியம். நம் ஊர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது. அங்கே முதியோருக்கு இருக்கிற அரசுக் காப்பீடும் விசிட்டர் விசாவில் போகிறவர்களுக்குக் கிடையாது. அவசரம் என்று போனால் பணம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி பார்த்தாக வேண்டும், 1986 முதல் சட்டம் அப்படி. ஆனால் பில் பின்னாலேயே வரும். நெஞ்சு வலி என்று இரண்டு நாள் படுத்தாலும் பிள்ளையின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடிய தொகை அது. அதனால் காப்பீட்டை வாங்கும்போது மலிவு எது என்று பார்க்காமல், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்கு எவ்வளவு கிடைக்கும் என்ற பகுதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். எழுபது தாண்டியவர்களுக்குக் காப்புத் தொகை குறைவதும் உண்டு. உள்ள வியாதியை மறைக்காதீர்கள். கிளம்புமுன் பல், கண், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்துக்கொண்டு, தங்குகிற நாள் முழுவதற்கும் மாத்திரையும், மருந்தின் வேதிப் பெயரோடு டாக்டர் சீட்டும் கைப்பையில் வையுங்கள்.

பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலையும் அரிசியும் வேண்டாம். பயிரையும் தானியத்தையும் தாக்கும் பூச்சிகள் கூட வரும் என்று தடுத்து வைத்திருக்கிறார்கள். மற்ற தின்பண்டங்களைப் படிவத்தில் மறைக்காமல் காட்டிவிடுங்கள்.

நம்மில் பலருக்கு அறுபது வயது. வீட்டில் எண்பத்தைந்து, தொண்ணூறு வயதில் அம்மாவோ மாமியாரோ இருக்கிறார். அங்கே பேரக் குழந்தை, இங்கே அவர். இதற்குச் சுலபமான விடை கிடையாது. இருவரும் சேர்ந்தே போக வேண்டும் என்பதில்லை, ஒருவர் போய் ஒருவர் இருக்கலாம். ஆறு மாதம் என்பதை மூன்றாக்கலாம். பிள்ளைகள் அந்த மீதி மூன்று மாதத்துக்குக் காப்பகச் செலவை ஏற்கலாம். "அம்மா, பாட்டியை யார் பார்த்துப்பா?" என்ற கேள்வி பிள்ளைகள் வாயிலிருந்தே முதலில் வர வேண்டும். வராவிட்டால் நாம் கேட்போம்.

கடைசியாக, பூட்டிய வீடு. பராமரிப்புத் தொகை, மின் கட்டணம், அரையாண்டுச் சொத்துவரி இவற்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் ஆயுள் சான்று தர வேண்டும். அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரியும் அதில் கையெழுத்திடலாம். கேஸை மூடி, தண்ணீர்க் குழாயை அடைத்து, ஒரு சாவியும் பிள்ளையின் போன் நம்பரும் நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்கட்டும். போகிற தேதி, வருகிற தேதியைச் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். போகிறவர்களின் வயதான பெற்றோர் இங்கே தனியாக இருந்தால், தினமும் ஒருவர் கதவைத் தட்டி "மாமி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்க ஒரு முறைப் பட்டியல் போடலாம் என்று யோசனை சொல்கிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.