மலையாளப் பழநியும் நம் பந்தியும்

பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்திய இரயில்வே எழுத்தன் யான், கற்றோர் பொறுத்தருள்க.

நம் வைப்பின் தீவிலுள்ள செராய் கௌரீசுவரர் கோயிலை ‘மலையாளப் பழநி’ என்பர். முருகனை வணங்க நாமும் அங்குச் செல்கிறோம். 1912-இல் அங்குப் பிரதிட்டை செய்தவர் ஸ்ரீ நாராயண குரு.

1856-இல் செம்பழந்தியில் பிறந்த அவர், தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளமாக்கியவர். தமிழரான தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றார்; குமரி மாவட்டத்து மருத்துவாமலையில் தவமிருந்தார். ஆலயத்துள் நுழையலாகாதென விலக்கப்பட்ட மக்களுக்காக, 1888-இல் அருவிப்புரத்தில் சிவனை நிறுவினார்.

அவர்தம் மாணாக்கர் சகோதரன் அய்யப்பன், 1917-இல் இதே செராயில் ஈழவரையும் புலையரையும் ஒருங்கிருந்து உண்ணச் செய்தார். ‘புலையன் அய்யப்பன்’ என்று ஊரார் இகழ்ந்தனர். அப்பெயரையே அவர் பெருமையுடன் ஏற்றார். குருவோ, சமபந்தி தவறன்று எனத் தம் கைப்பட எழுதியளித்தார்.

சென்ற ஆண்டு விழாவில், நம் காலனியின் துப்புரவுப் பணியாளர் குடும்பமொன்று பந்தி முடியும்வரை வாயிலில் நின்றது. என்னருகே ஓர் இலை வெறுமையாய்க் கிடந்தது. கண்டும் யான் அழைத்திலேன். அன்றிரவு, “ஏன் அப்பா?” என்றாள் என் மகள். விடை கூற இயலவில்லை.

1928-இல் சிவகிரியில் குரு சமாதியடைந்தார். அவர் நிறுவிய சந்நிதியில் கைகூப்பும் நாம், அவர் சொல்லை வாயிலிலேயே நிறுத்தலாமோ? இன்றைய முதற்பந்தியில் அக்குடும்பம் அமர வேண்டுகிறேன். அவர்கள் அருகே என் மனைவி மக்களோடு யானும் அமர்வேன்.