எட்டும் தூரத்தில் ஏடுகள்



இன்று ஷா ஆலம் என்று நாம் சொல்லும் நகரம் முன்பு சுங்கை ரெங்கம் தோட்டம். பால்மரமும் செம்பனையும் நின்ற மண். அங்கே, செக்‌ஷன் 13-இல், ராஜா துன் உடா நூலகம் இருக்கிறது. நகரத்துப் பிள்ளைக்கு அது பக்கம். தோட்டத்துப் பிள்ளைக்கு?

அந்தத் தொலைவைக் குறைக்கவல்லது இணையம். சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம், 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' என்பதைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல், திருக்குறள் முதலான நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். படிக்கக் காசு இல்லை.

கதவு திறந்திருந்தால் போதுமா, வழி வேண்டாமா? 2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடியபோது பாடம் கைத்தொலைபேசியில் வந்தது. அலைவரிசை எட்டாத வீட்டுப் பிள்ளைகள் பாடத்தை இழந்தார்கள். அலைவரிசை கேட்டு நாம் மனுக் கொடுக்கத்தான் வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். பட்டணம் போகும் நாளில் இந்நூல்களைத் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணையம் இல்லாமலே படிக்கலாம். அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம். முகப்புப் பக்கத்தை வெட்டாமல் கொடுங்கள் என்பதே அவர்கள் கேட்பது. கண் மங்கிய பாட்டிக்குப் பேத்தி உரக்கப் படித்துக் காட்டட்டும்.